பழைய எஃகு எம்.டி.பி. சைக்கிளை வாங்குவது, மாற்றியமைப்பது, கைமாற்றிவிடுவது: நெல்லைச் சீமையில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வெளிவந்த எஃகு ஃபிரேம் எம்.டி.பி. (‘மவுன்டன் பைக்’ எனப்படும் மலைச் சைக்கிள்) வண்டிகள் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கங்களில் இப்போதும் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பியவர்கள் கொண்டுவந்து, மாடிப்படிக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு, ராலே போன்ற வண்டிகள் ஒருபுறமும், நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஹீரோ ரேஞ்சர் வகை வண்டிகள் மறுபுறமும் இருக்கின்றன. இவற்றை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் பலர் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கியதற்கு எழுத்து எதுவும் இருப்பதில்லை. மாற்றியமைத்த வேலையைத் திரும்ப எடுக்க முடிவதில்லை. நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன். எதை வாங்கினாலும் எழுத்தில் வாங்குங்கள், எதை மாற்றினாலும் பழைய நிலைக்குத் திருப்பும்படி மாற்றுங்கள் என்ற இரண்டையும் கீழே உள்ள எல்லாப் படிகளிலும் காண்பீர்கள்.

விலைகளைப் பற்றி ஒரு சொல். இங்கே நான் குறிப்பிடும் தொகைகள் நான் கொடுத்ததும் கடைகளில் விசாரித்ததும் ஆகும். கடைக்குக் கடை அவை மாறும் என்பதால் ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

விற்பவர் சொல்லும் விலை உங்கள் செலவில் ஒரு பகுதிதான். வெளிநாட்டு எஃகு எம்.டி.பி. ஒன்று 8,000 முதல் 20,000 ரூபாய் வரை விலைக்கு வந்தால், டயர், டியூப், செயின், கேபிள்கள், பிரேக் கட்டை, பால்ரஸ், கிரீஸ், கூலி என்று அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர மேலும் 5,000 முதல் 8,000 ரூபாய் ஆகும். உள்ளூர் வண்டியானால் இரண்டு தொகையும் கணிசமாகக் குறையும். கையில் 10,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் 5,000 ரூபாய் வண்டியைத்தான் தேட வேண்டும்.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் பள்ளி திறக்கும் நேரமாதலால் சைக்கிள் கடைகளில் பிள்ளைகளின் வண்டிகள் வரிசையில் நிற்கும். உங்கள் வேலை பின்தள்ளப்படும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையில் பட்டறைகளில் வேலை சீராக நடக்காது. பொங்கல் கழிந்து ஏப்ரல் வரையுள்ள காலமே பிரித்து மாட்டும் வேலைக்கு ஏற்றது.

2. எங்கிருந்து வாங்கலாம், எந்த வழி வேண்டாம்

தெரிந்தவர் வீட்டிலிருந்து நேரில் பார்த்து வாங்குவதே எளிது. பழைய இரும்புக் கடைகளிலும் சில நேரம் நல்ல ஃபிரேம் கிடைக்கும். ஆனால் அங்கே அது யாருடையதாக இருந்தது என்பதற்கு விடை கிடைக்காது. பெங்களூரிலோ சென்னையிலோ உள்ள ஒருவரிடம் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புவதை முதல் வண்டிக்குச் செய்யாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய ஃபிரேமைக் கூரியரில் வரவழைக்கும் யோசனை பலருக்கு வருகிறது. இதில் ஒரு பெரிய பொறி உண்டு. இயந்திரத் தளவாடம் அல்லாத பழைய பொருட்களை இறக்குமதி செய்வது நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று. அதற்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பினால் வந்துவிடும் என்று சொல்வார்கள்; 2019 டிசம்பர் முதல் தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்ற பெயரில் பொருள் இறக்குவது, உயிர்காக்கும் மருந்து, ராக்கி ஆகியவற்றைத் தவிர, தடைசெய்யப்பட்டுள்ளது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தாம் ஓட்டிய சைக்கிளை ஊருக்கு வரும்போது தம் உடைமையாக விமானத்தில் கொண்டுவருவது வேறு கணக்கு. அப்போதும் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மதிப்புக்கு வரம்பு உண்டு என்பதால், பயணத்துக்கு முன் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொண்டு, வண்டியின் பழைய ரசீதைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்குகிறவராக இருந்தால், அங்கிருந்து பெட்டியோடு ஊர் வந்து சேர வண்டி ஏற்பாட்டையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

3. பணம் கொடுப்பதற்கு முன் ஃபிரேமைச் சோதியுங்கள்

டயர் தேய்ந்திருக்கிறதா, பெயின்ட் பளபளக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேம் போனால் வண்டி போயிற்று. இதற்கு நல்ல பகல் வெளிச்சம், ஒரு துணி, ஒரு ஆலன் சாவிக் கொத்து, சில மீட்டர் நூல், ஒரு அடிக்கோல் ஆகியவை போதும்.

முன்புறக் குழாயை ஒட்டி, கீழ்நோக்கிச் செல்லும் பெரிய குழாயின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவுங்கள். அங்கே மெல்லிய மேடோ, குறுக்கே சுருங்கிய பெயின்டோ தட்டுப்பட்டால் அந்த வண்டி எங்கோ முன்னால் மோதியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதும் விரலுக்குத் தெரியும். அதுபோலவே பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தையும், சீட்டுக்குக் கீழே குழாய்கள் கூடும் இடத்தையும், பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள குழாய்களையும் பாருங்கள். தலைமுடி கனத்தில் துருக்கோடு ஒன்று தெரிந்தால் அது விரிசலாக இருக்கக்கூடும்.

அடுத்தது நூல் சோதனை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்புறக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேம் கோணியிருக்கிறது. விற்பவர் சக்கரத்தைக் கழற்ற விடவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது சோதனையைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சீட்டைத் தாங்கும் சீட் பில்லரும், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் பல வண்டிகளில் அலுமினியத்தால் ஆனவை. அவை நுழைந்திருப்பது எஃகுக் குழாயில். கிரீஸ் இல்லாமல் ஈரமும் உப்பும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இரண்டு உலோகங்களும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் கிடந்த வண்டிகளில் இதை அதிகம் காணலாம். போல்ட்டைத் தளர்த்திவிட்டு, விற்பவர் முன்னிலையிலேயே சீட்டை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிடித்துப்போன பில்லரை எடுக்க ஊடுருவும் எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் காத்திருந்து, அதற்கும் மசியாவிட்டால் லேத்துப் பட்டறையில் அறுத்தெடுக்க வேண்டிவரும். அந்தச் செலவும் ஆபத்தும் உங்களுடையதாகிவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை, சீட்டுக்கு முன்னால் உள்ள மேல்குழாயின் இருபுறமும் கால்களைத் தரையில் ஊன்றி நின்று பாருங்கள். குழாய்க்கும் உடலுக்கும் இடையே நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். பிடித்த வண்டி என்பதற்காகப் பெரிய ஃபிரேமை வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

4. எழுத்து இல்லாமல் வாங்காதீர்கள்

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, போக்குவரத்து அலுவலகத்தில் பதிவும் கிடையாது. அதனாலேயே ‘சைக்கிளுக்கு எதுக்கு அண்ணாச்சி பேப்பர்?’ என்று விற்பவர் கேட்பார். ஆர்.சி. இல்லை என்பதால்தான் பேப்பர் வேண்டும் என்பதே அதற்குப் பதில். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒரு பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். நல்லெண்ணத்தில் வாங்கினீர்கள் என்பதைக் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். விற்பவர், வாங்குபவர் இருவரின் பெயர், முகவரி, கைபேசி எண், வண்டியின் பெயர், நிறம், ஃபிரேம் எண், தொகை, தேதி, ‘இந்த வண்டி எனக்குச் சொந்தமானது, இதன் மேல் வேறு யாருக்கும் உரிமை இல்லை’ என்ற ஒரு வரி, இருவரின் கையெழுத்து. தொகை 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். அடையாளச் சான்று நகலும் கேளுங்கள். ஆதார் கொடுப்பதாக இருந்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் நகல் போதும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ அனுப்பினால் அதுவே இன்னொரு சான்றாகும்.

ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியைக் கவிழ்த்து, மண்ணைத் துடைத்து, ஒரு சுண்ணாம்புக் கட்டியை அதன் மேல் தேய்த்தால் எண் பளிச்சென்று தெரியும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அரத்தால் ராவி அழித்திருந்தால் என்ன விலையானாலும் வாங்காதீர்கள். பின்னாளில் உங்கள் வண்டியே காணாமல் போனால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகார் பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்கும் இந்த எண்ணும் படமும்தான் உதவும்.

5. ஒரு நோட்டில் அளவுகளை எழுதுங்கள்

பழைய எம்.டி.பி.களில் ஒரே மாதிரித் தோன்றும் பாகங்கள் பல அளவுகளில் வரும். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே ஒரு வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிவிட்டால், பின்னர் கடை கடையாக அலைய வேண்டியிருக்காது.

சீட் பில்லரின் விட்டம் 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் மாறும். சிறிய பில்லரைத் தகடு சுற்றிச் செருகித் தருகிற கடைகள் உண்டு; அது ஃபிரேமின் வாயை நசுக்கிவிடும். பின் அச்சுக்கான இடைவெளி 1980களின் வண்டிகள் பலவற்றில் 130 மில்லிமீட்டர், அதற்குப் பிந்தியவற்றில் 135 மில்லிமீட்டர். எஃகாதலால் ஐந்து மில்லிமீட்டரை விரித்துப் பொருத்தலாம். அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யக்கூடாது. பெடல் அச்சுக் குழாயின் அகலம் 68 அல்லது 73 மில்லிமீட்டர் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்து ஒரு அங்குலமா, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஒன்றும் எட்டில் ஒரு பங்குமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டயரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் ‘26 டயர்’ என்று கேட்டால் 26×1⅜ அளவை எடுத்துக் கொடுப்பார்கள். அது சாதாரணச் சைக்கிளுக்கானது. அதன் உள்விட்டம் 590 மில்லிமீட்டர். உங்கள் எம்.டி.பி. ரிம்முக்கு வேண்டியது 559 மில்லிமீட்டர். 26×1.95, 26×2.125 என்று புள்ளி வைத்த எண்ணில் எழுதப்பட்ட டயர்கள் உங்களுக்குரியவை. பின்னமாக எழுதப்பட்டவை உங்களுக்கு ஆகாதவை. சந்தேகம் இருந்தால் டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஞ்சர் வகை வண்டிகளுக்கான டயர் நம் ஊரிலேயே 500 முதல் 900 ரூபாய்க்குள் கிடைப்பதால், இந்த ஒரு விஷயத்தில் பழைய வெளிநாட்டு எம்.டி.பி. வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர்.

உதிரிபாகங்களுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது; ரசீதில் பழைய விகிதம் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். ரசீதுகளை அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.

6. பிரித்து ஓவராயில் செய்தல்

நல்ல கைப்பக்குவம் உள்ள மிஸ்திரி ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். வயதான மிஸ்திரிகள் பால்ரஸ் மாற்றுவதிலும் ரிம் கோட்டம் எடுப்பதிலும் தேர்ந்தவர்கள். இந்த வகை வண்டியில் அவர்களுக்குப் பழக்கமில்லாதது ஒன்றிரண்டுதான். அவற்றை வேலை தொடங்கும் முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

முக்கியமானது மரையின் திசை. பெடல் அச்சின் பால்ரஸ் உட்காரும் வலப்பக்கக் கிண்ணம், அதாவது செயின் இருக்கும் பக்கம், எதிர்த்திசை மரை கொண்டது. அதைக் கழற்றக் கடிகார முள் சுழலும் திசையில் திருக வேண்டும். இடப்பெடலும் அப்படியே. இதை அறியாமல் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி அழுத்தினால் ஃபிரேமின் மரை உரிந்துவிடும். வண்ணார்பேட்டையில் நான் வேலை கொடுத்த மிஸ்திரி, கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் கிண்ணத்தின் ஓரத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மரையின் சாய்வைச் சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, ‘இது எதிர்மரைல்லா, பாத்துத் திருகணும் அண்ணாச்சி’ என்றார். அப்படிப்பட்டவரிடம் வண்டியை நம்பி விட்டுவிட்டு வரலாம்.

செயின் தேய்மானத்தை நீங்களே அளக்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24ஆவது கண்ணியைத் தாண்டிய பின்னின் நடுவரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் ஃபிரீவீலும் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மீண்டும் மாட்டும்போது சீட் பில்லர், ஸ்டெம், பெடல் மரை, அச்சுக் கிண்ணங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். ஓவராயில் கூலி 600 முதல் 1,200 ரூபாய். இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். அவசரப்படுத்தினால் பால்ரஸைக் கழுவாமலே புதுக் கிரீஸ் அப்பி மூடிவிடும் கடைகளும் இருக்கின்றன.

7. மாற்றியமைத்தல்: எது தகும், எது தகாது

முதல் விதி, கழற்றிய எந்தப் பாகத்தையும் எறியாதீர்கள். கடையில் விட்டுவிட்டு வந்தாலும் எறிந்ததற்குச் சமம். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய பிரேக், லீவர், பெடல், சீட், திருகாணிகள்வரை எல்லாவற்றையும் எண்ணெய்த்துணியில் சுற்றிப் போட்டு, பெட்டியின் மேல் வண்டியின் பெயரை எழுதி வையுங்கள். விற்கும் நாளில் இந்தப் பெட்டியின் மதிப்பு உங்களுக்குத் தெரியும்.

பிரேக்கை மாற்றுவது பெரும்பாலோர் முதலில் செய்வது. நடுவில் கேபிள் பிரிந்து இரு கைகளையும் இழுக்கும் பழைய கேண்டிலீவர் பிரேக், ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் துருத்தி நிற்கும் குமிழ்களில் மாட்டப்பட்டிருக்கும்; நீண்ட கைகள் கொண்ட வி-பிரேக் அதே குமிழ்களில் பொருந்தும். பிடிப்பும் நன்றாகக் கூடும். ஆனால் வி-பிரேக்குக்குக் கேபிளை அதிக நீளம் இழுக்கும் லீவர் வேண்டும். பழைய லீவரை அப்படியே வைத்து வி-பிரேக்கை மாட்டினால், கட்டை ரிம்மைச் சரியாகப் பிடிக்கும் முன்பே லீவர் ஹேண்டில்பாரில் முட்டிக்கொள்ளும். ஆகவே பிரேக்கையும் லீவரையும் சேர்த்தே வாங்குங்கள். இரண்டுக்கும் 1,000 முதல் 2,000 ரூபாய் ஆகும். 1980களின் பின்பகுதி வண்டிகள் சிலவற்றில் பின்பிரேக் பெடலுக்குப் பின்னால் அடிக்குழாயில் இருக்கும். அந்தக் குமிழ்களின் இடம் வேறு. அங்கே வி-பிரேக் பொருந்தாது.

கியரில், கட்டைவிரலால் தள்ளும் பழைய ஷிஃப்டர் வேலை செய்தால் அதை விட்டுவையுங்கள். படிப்படியாக ‘டிக்’ என்று விழாமல் வழுக்கிச் செல்லும் அந்த வகை ஷிஃப்டர், ஆறு பல்சக்கரமானாலும் ஏழானாலும் எட்டானாலும் ஏற்றுக்கொள்ளும். புதிய ஷிஃப்டருக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஏழு பல்சக்கர ஃபிரீவீல் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும்.

ஸ்ப்ரிங் வைத்த முன் ஃபோர்க்கைப் பலர் ஆசைப்பட்டு மாட்டுகிறார்கள். நேரான ஃபோர்க்குக்கென்று வடிவமைத்த ஃபிரேமில் உயரமான ஸ்ப்ரிங் ஃபோர்க்கை மாட்டினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், திருப்பம் மந்தமாகும், முன்புறக் குழாயின் மேல் பளு கூடும். நம் சாலைகளுக்கு அது தேவையும் இல்லை. அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் கால்வாய்க்கரைப் பாதையின் குலுக்கல் பெருமளவு அடங்கிவிடும்.

வெல்டிங்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க் பிரேக் மாட்ட ஒரு தகடு, கேரியர் மாட்ட ஒரு காது என்று கேட் செய்யும் பட்டறையில் ஃபிரேமைக் கொடுக்காதீர்கள். நல்ல ஃபிரேமின் குழாய்கள் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம் கொண்டவை. கேட் கம்பிக்கு வைக்கும் மின் வெல்டிங்கின் சூட்டில் அவை ஓட்டையாகும், அல்லது வெளியே தெரியாமல் வலுவிழக்கும். கட்டாயம் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கேஸில் பித்தளைப் பற்று வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கேரியருக்கு அதுவும் வேண்டாம். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப், உள்ளே ஒரு ரப்பர் துண்டோடு, போதுமானது.

பெயின்ட் விஷயத்தில் என் கருத்து, பழைய பெயின்டும் ஸ்டிக்கரும் பாதியாவது இருந்தால் தொடாதீர்கள் என்பதுதான். துருப்பிடித்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் வைத்து, பொருந்தும் நிறத்தை மெல்லத் தொட்டுவிடலாம். பழைய பெயின்டோடு இருக்கும் வண்டிக்கே விரும்பி வாங்குகிறவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். வேறு வழியில்லாமல் பவுடர் கோட்டிங் கொடுத்தால் 2,000 ரூபாயை ஒட்டி ஆகும். அச்சுக் குழாயின் மரை, பிரேக் குமிழ்கள், முன்புறக் குழாயின் வாய், சீட் குழாயின் உட்புறம் ஆகியவற்றை மறைத்துக் கட்டச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். நான் கொடுத்த பட்டறை ஒன்று மரைக்குள்ளும் பூச்சை ஏற்றி அனுப்பியது. அதை எடுக்க லேத்துக்காரருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஃபிரேம் எண்ணின் மேல் பூச்சு கனமாக ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

8. நம் ஊர் வெயிலிலும் முள்ளிலும் வைத்துப் பராமரித்தல்

எஃகுக் குழாய் வெளியே துருப்பிடிப்பதைவிட உள்ளே துருப்பிடிப்பதே ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், சீட் பில்லரை உருவிவிட்டுக் குழாய்க்குள் சிறிது எண்ணெய் விட்டு, வண்டியைப் பல பக்கமும் சாய்த்து ஓடவிடுங்கள். அச்சுக் குழாயின் அடியில் சிறு துளை இருந்தால் அது நீர் வடிவதற்கானது. மண் அடைத்திருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை ஆண்டுக்கு இருமுறை செய்தால் நல்லது.

முள்ளுக்குத் தப்ப முடியாது. உடை முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் வயலோரப் பாதைகளில் ஆண்டு முழுவதும் கிடக்கும். வேலி வெட்டும் நாட்களில் தார்ச்சாலையிலும் கிடக்கும். டயருக்கும் டியூபுக்கும் இடையில் போடும் பட்டை ஒன்றை வாங்கிப் போடுங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, ஒடிந்து நிற்கும் முள் நுனியைக் குறடால் பிடுங்கிவிட்டுத்தான் டியூபை உள்ளே வைக்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்பதிலும் ஓர் எச்சரிக்கை. மலைச் சைக்கிள் என்பதால் மலைக்குப் போகலாம் என்று பொருள் இல்லை. மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைக்குச் செல்லும் பாதையும், பாபநாசத்துக்கு மேலே காரையாறு செல்லும் பாதையும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவதைச் சிந்திக்கவே கூடாது. பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய், கன்னடியன் கால்வாய் ஆகியவற்றின் கரைப்பாதைகளே இந்த வண்டிக்குப் போதுமான இன்பத்தைத் தரும்.

9. விற்பதா, கொடுப்பதா, பிரிப்பதா

ஓட்டாமல் ஓராண்டு நின்ற வண்டியைக் கைமாற்றிவிடுவதுதான் அதற்கு நல்லது. முழு வண்டியாக விற்பதா, பாகங்களாகப் பிரித்து விற்பதா என்று யோசிப்பீர்கள். பிரித்து விற்றால் மொத்தத் தொகை கூடலாம். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், கடைசியில் யாரும் கேட்காத பாகங்கள் உங்களிடமே தங்கும். ஃபிரேம் கோணியோ விரிசல் விட்டோ இருந்தால் மட்டும் பிரியுங்கள். நல்ல ஃபிரேமைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது சிறிதும் தகாது. எடைக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய்தான்.

விலை வைக்கும்போது நீங்கள் செய்த செலவை அப்படியே கூட்டிக் கேட்காதீர்கள். ஓவராயிலுக்கும் டயருக்கும் கொடுத்த பணம் நீங்கள் ஓட்டியதற்கான செலவு. வாங்குபவர் பார்ப்பது ஃபிரேமின் தரம், பழைய பெயின்ட், பழைய பாகங்கள் ஆகியவற்றைத்தான். ஏழாம் படியில் சொன்ன அட்டைப்பெட்டியோடு விற்கும் வண்டிக்கும் அது இல்லாத வண்டிக்கும் விலையில் தெளிவான வேறுபாடு இருக்கும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சைக்கிளை வாங்கிய விலைக்கு மேல் விற்றாலும் அதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் கணக்கு வேறு.

விளம்பரத்தில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு அளவுகளையும், இருக்கும் குறைகளையும் எழுதிவிடுங்கள். ஃபிரேம் எண்ணின் படத்தை மட்டும் பொதுவில் போடாமல், வாங்க முன்வருபவரிடம் நேரில் காட்டுங்கள்.

இங்கே ஒரு மோசடியைச் சொல்லியாக வேண்டும். விளம்பரம் வந்த சில மணி நேரத்தில், வண்டியைப் பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதித்து, ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், ஆளை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், பணம் வர இந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஒருவர் பேசுவார். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஒருவேளை போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

10. வெளியூருக்கு அனுப்பி, எழுத்தோடு ஒப்படைத்தல்

இந்த வண்டிகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூரில் இருப்பதால் அனுப்பும் வேலை உங்களுக்கு வந்தே தீரும். புதுச் சைக்கிள் வந்திறங்கிய அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவோ சிறு தொகைக்கோ கொடுப்பார்கள். பெடல்களையும் முன்சக்கரத்தையும் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி ஃபிரேமோடு கட்டுங்கள். முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகிக் கட்ட மறக்காதீர்கள். மேலே பளு ஏறும்போது ஃபோர்க் நசுங்காமல் காப்பது அதுதான்.

சென்னைக்கு அனுப்புவதானால் திருநெல்வேலி சந்திப்பின் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்யலாம். நெல்லை எக்ஸ்பிரஸ் இங்கிருந்தே புறப்படுவதால், இடைப்பட்ட நிலையங்களைப் போல இரண்டு நிமிட அவசரத்தில் ஏற்ற வேண்டியதில்லை. அடையாளச் சான்று நகலோடு நேரத்துக்கு முன்பே போய், பெட்டியின் இரு பக்கமும் பெறுநர் பெயர், ஊர், கைபேசி எண் ஆகியவற்றை அழியாத மையில் எழுதி, ரசீதை வாங்கிப் படமெடுத்துப் பெறுநருக்கு அனுப்புங்கள். அவர் உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் அங்கே தங்கு கட்டணம் ஏறும் என்பதையும் சொல்லிவிடுங்கள். லாரி பார்சலில் ரசீது கேட்டால், இது சொந்த உபயோகத்தில் இருந்த பழைய பொருள் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கொடுத்தால் போதும்.

பணம் கணக்கில் ஏறியதை வங்கியின் செயலியில் நீங்களே பார்த்த பிறகு பெட்டியை ஒப்படையுங்கள். எதிராளி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். நான்காம் படியில் சொன்ன அதே வடிவில் விற்பனைக் கடிதம் எழுதி, ‘வண்டி இருக்கும் நிலையிலேயே விற்கப்பட்டது’ என்ற வரியைச் சேர்த்து, ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் குறியுங்கள். நீங்கள் வாங்கியபோது பெற்ற கடிதத்தின் நகல், உதிரிபாக ரசீதுகள், பழைய பாகங்களின் பெட்டி, அளவுகள் எழுதிய நோட்டு ஆகிய நான்கும் வண்டியோடு போக வேண்டும். மூலக் கடிதத்தையும் நோட்டின் படங்களையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் சீட் பில்லரின் அளவு என்ன என்று கேட்டு எப்படியும் ஒருநாள் அழைப்பார்.